செவலைக்கு நான் செய்த உபகாரம்

எங்கள் தெருவில் மாடு கத்தினால் யாருக்கும் கேட்காது. வீட்டுக்குள் இரண்டு கைத்தறி. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவர் போட்டிருந்த விசைத்தறிக் கொட்டகை. காலையில் காப்பி குடிக்கும் நேரத்தில் ஓட ஆரம்பித்தால் கரண்டு போனால்தான் அது நிற்கும். அந்த இரைச்சலிலேயே பேசிப் பழகியதால், மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே எங்கள் குடும்பத்துக்குத் தெரியாது. வெளியூர்க் கல்யாணங்களில் பக்கத்து இலைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். சண்டை நடக்கிறது என்று நினைத்திருப்பார். நாங்கள் ரசம் கேட்டிருப்போம்.

இந்த இரைச்சலை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. கிடேரி, அதாவது இன்னும் கன்று போடாத பசு, பருவத்துக்கு வந்தால் விடாமல் கத்தும். மற்ற ஊர்களில் அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் வீட்டுக்காரர்கள் விழித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் காது உதவாது, யாராவது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவும் அத்தையும் தறிக்குழியை விட்டு எழுந்திருக்க முடியாது. முதுகு வலி வந்து தறியை விட்டுவிட்ட அப்பா, ஏரிப்பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரில் பொழுது சாயும்வரை கிடப்பார். ஆகவே கிடேரியைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் பத்து வயதில் எனக்கு வந்து சேர்ந்தது. அந்த உத்தியோகத்தை நான் பார்த்த லட்சணத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கிடேரியின் பெயர் செவலை. ஜெர்சி கலப்பு. நெற்றியில் கட்டைவிரல் வைத்து அழுத்தியது போல் ஒரு வெள்ளை. அது எங்கள் வீட்டில் பிறந்திருந்தாலும் எங்களுடையது அல்ல, அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளைச் செய்யாரில் கட்டிக்கொடுத்தபோது, "நம்ம மாடு போடுற முதல் கிடேரி உனக்குத்தான்" என்று அப்பா பந்தலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மாடு வீம்புக்குப் போடுவது போல வரிசையாகக் காளைக்கன்றுகளாகவே போட்டது. கடைசியில் செவலை பிறந்தபோது அத்தைக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஓடியிருந்தது. செவலை பருவத்துக்கு வரும் வயதை எட்டியபோது ஏழு வருஷம். அதற்குள் அத்தையே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லித்தான் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, கும்பிடாத சாமி இல்லை. கடைசியாக அத்தையின் மாமியார் ஒரு குறிகாரரிடம் போனார். பிறந்த வீட்டுப் பசு இவள் கையால் வளர்ந்து சினை பிடிக்கட்டும், சினை மாட்டோடு இவள் திரும்பப் படியேறினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடும், அப்படிப் பிடிக்காவிட்டால் இவள் கையில் எதுவும் தங்காது என்று அவர் சொல்லிவிட்டார். அத்தனை டாக்டர்களும் யோசித்து யோசித்துப் பேசியதற்கு நடுவில் இவர் ஒருவர்தான் பட்டென்று ஒரு வழி சொன்னார். மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமா, அதாவது அத்தையின் புருஷன், செய்யார் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் பார்த்தவர். அதிர்ந்து பேசமாட்டார். அம்மா சொன்னதற்கும் தலையாட்டினார், அத்தை அழுததற்கும் தலையாட்டினார். அவரை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு ரொம்ப காலம் கழித்துத்தான் உறைத்தது.

ஆக, செவலை சினையானால் அத்தை புருஷன் வீட்டுக்குப் போவாள், ஆகாவிட்டால் போகமாட்டாள். இவ்வளவும் எனக்கு அப்போது இப்படித் தெளிவாகத் தெரியாது. அத்தைக்குக் கன்று வேண்டும் என்று மட்டும் தெரியும். எனக்கும் வேண்டும். கன்றுக்கு ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அத்தைதான் எனக்குப் பாடம் எடுத்தாள். செவலையின் வாலைத் தூக்கிக் காட்டி, "இங்க சளி கண்ணாடி மாரி தொங்கும்டி. பட்டு நூலாட்டம் நீளும், அறுவாது. பாத்த ஒடனே ஓடியாந்து சொல்லணும். காத்தால பாத்தா சாயங்காலம் சினை ஊசி. சாயங்காலம் பாத்தா மறுநா காத்தால. ஜல்தியா சொல்லலன்னா அவ்ளோதான், இன்னும் இருபத்தோரு நாளு காத்துகினு கெடக்கணும்" என்றாள். பாடம் எனக்கு ஒரே தடவையில் ஏறிவிட்டது.

முதல் தடவை பார்த்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன். அத்தை தறியிலிருந்து எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். சாயங்காலம் ஊசிக்காரர் மொபெட்டில் வந்தார். எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி என்றதும் நான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டார்களே அப்படி ஒன்றை நினைத்திருந்தேன். அவர் தோள்வரை ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும் அத்தை குடம் குடமாகச் செவலையின் முதுகில் தண்ணீர் ஊற்றினாள். சூடு தணிந்தால்தான் சினை நிற்குமாம். இரண்டு மணி நேரம் படுக்கவிடாமல் நிறுத்தி வைக்க வேண்டுமாம். அந்த இரண்டு மணி நேரமும் அத்தை அதன் தாடையைத் தடவிக்கொண்டு கூடவே நின்றாள்.

நிற்கவில்லை. இருபத்தோராம் நாள் செவலை மறுபடி பருவத்துக்கு வந்தது. இப்படி மறுபடி வந்தால், மாடு திரும்பிவிட்டது என்பார்கள். மறுபடி ஓடிப் போய்ச் சொன்னேன். இந்த முறை முத்தம் இல்லை. ஊசிக்காரர் வந்தார். அப்பா வாலைப் பிடித்துக்கொள்ள, தலைக்கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னை நிறுத்தினார்கள். கொல்லையில் இருந்த புங்க மரத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை என் கையில் கொடுத்தார்கள்.

"ஆடாம புடிச்சிக்கம்மா" என்றார் ஊசிக்காரர்.

பிடித்துக்கொண்டேன். செவலையின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. கை உள்ளே போனதும் அதன் முன்னங்கால்கள் மடங்கின. கண்ணில் கறுப்பு மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது. நாக்கு வெளியே வந்தது. கத்தியது. அதன் முகத்தருகே நின்றிருந்த எனக்கே, விசைத்தறி இரைச்சலில் வாய் திறந்தது தெரிந்ததே தவிரச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. பிறகு கண்ணின் கறுப்பு கீழே இறங்கி என்னைப் பார்த்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. மறுநாள் நான் நீட்டிய அகத்திக்கீரையைச் செவலை தொடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடுகளுக்கு அவ்வளவு நினைவு இருக்குமா, அல்லது அதற்கு அன்று பசி இல்லையா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது கேட்கவில்லை. நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டதாகவே எண்ணினேன்.

அத்தை தினசரி காலண்டரில் இருபத்தொரு தாள்களை எண்ணி, அந்தத் தேதியின் ஓரத்தை மடித்து வைத்தாள்.

மடித்த தாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. விடிந்ததும் சாணம் அள்ளப் போன நான்தான் முதலில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தொங்கியது. அத்தை சொன்னது போலவே அறாமல் நீண்டது. செவலை காதை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் அங்கேயே நின்றேன். உள்ளே போனால் மொபெட் வரும், உறை வரும், கயிற்றை என் கையில் கொடுப்பார்கள். தறிக்கு அடியில் அறுந்து விழும் பட்டு நூலை அம்மா ஒரு பையில் சேர்த்து வைப்பாள். ஓசைப்படாமல் போய் அதில் ஒரு கொத்து எடுத்து வந்தேன். சுத்தமாகத் துடைத்தேன், வாலையும் கழுவினேன். நூலை எருக்குழியில் புதைத்தேன். கருஞ்சிவப்பும் மயில் கழுத்து நிறமுமாக நல்ல நூல். பிறகு அப்பாவிடம் போய், "இன்னிக்கி லீவுதானப்பா, ஏரியில மேச்சிகினு வரேன்" என்றேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார்.

அன்று முழுவதும் மற்ற மாடுகள் பக்கம் விடாமல் ஏரியின் கோடியில் செவலையை வைத்துக்கொண்டேன். அது கத்தியபோதெல்லாம் கழுத்தைச் சொறிந்துவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. வீடு திரும்பியபோது நான் ஒரு உயிரைக் காப்பாற்றியவள். இரவு இரண்டு தோசை அதிகமாகத் தின்றேன்.

எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான். ஊசி போட்ட மாடு இருபத்தோராம் நாள் திரும்பாவிட்டால் சினை பிடித்துவிட்டது என்று பொருள். அத்தை எனக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாளே ஒழிய, பார்க்காவிட்டால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. மடித்த தாளைக் கிழித்த பிறகும் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். "பாத்தியாடி? ஒண்ணும் இல்லியா?"

"இல்ல அத்தே."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் அத்தே."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "அண்ணி! நின்னுடுச்சி அண்ணி!" என்று கத்தினாள். அம்மா குங்குமச் சிமிழோடு ஓடி வந்து செவலையின் வெள்ளையில் பொட்டு வைத்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செய்யாருக்குப் போன் பண்ணிச் சொல்லக் கிளம்பினார். நான் வாயைப் பிளந்து நின்றேன். நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கே வீட்டில் இத்தனை கொண்டாட்டம்! பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பத் தொடங்கினேன். செவலைக்கு வயிற்றில் கன்று வந்துவிட்டது, ஊசியும் இல்லை. எல்லோருக்கும் நல்லதாக ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

அந்த இரண்டு மூன்று மாதங்களில் அத்தை இருந்தது போல் அதற்கு முன்னும் பின்னும் நான் அவளைப் பார்த்ததில்லை. தறியில் உட்காருவதற்கு முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். வியர்வைக் கை பட்டால் வெளிர்நிறப் பட்டில் கறை நின்றுவிடும், நெய்கிறவர்கள் எல்லோரும் துடைப்பார்கள். ஆனால் அத்தை அந்த நாட்களில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். பார்த்துச் சிரித்துக்கொள்வாள். மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை எங்கள் பக்கத்தில் வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் மரத்தில் தொங்கினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்று நம்பிக்கை. கன்று போட இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே அத்தை வைக்கோலில் பிரி திரித்து, சாக்கைத் துவைத்து மடித்து, பரணில் வைத்துவிட்டாள். ஏரிக்கரை ஆலமரத்தில் கிளைகூடப் பார்த்துவிட்டாள். சீம்பாலில் முதல் கிண்ணம் எனக்கு என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா பிண்ணாக்கு மூட்டையோடு பஸ்சில் வந்து இறங்கினார். இரண்டு பேரும் கொல்லையில் செவலையின் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மாமாவுக்குப் பேச வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த இருபத்தோராம் நாளில் மறுபடி கண்ணாடி தொங்கியது. சினையாக இருந்தால் இது வராது என்று அதற்குள் பேச்சுவாக்கில் என் காதில் விழுந்திருந்தது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். உண்மையாகவே சொல்லத்தான் உள்ளே போனேன். அத்தை தறியில் இருந்தாள். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரித்தாள். நான் பையிலிருந்து ஒரு கொத்து நூலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இந்த முறை செவலையின் வலிக்காகத் துடைத்தேன் என்று சொல்ல முடியாது. பயத்தில்தான் துடைத்தேன். அதற்கு அடுத்த முறைகளில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். சினை மாடு என்று முடிவான பிறகு வேறு யார் வாலைத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்? செவலை கத்தியிருக்கும். விசைத்தறி என் வேலையைப் பார்த்துக்கொண்டது.

மூன்று மாதம் முடிந்து சினை பார்க்க நாள் குறித்தார்கள். உறுதியானால் அன்றே அழைத்துப் போவதாக மாமியார் தகவல் அனுப்பினார். அவர் ஒரு தட்டில் பூ, மஞ்சள், கண்ணாடி வளையல், அரக்குச் சேலை என்று எடுத்துக்கொண்டு மாமாவோடு வந்து இறங்கினார். அத்தையின் பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது. அம்மா கேசரி கிண்டியிருந்தாள். எல்லோரும் கொல்லையில் கூடி நின்றோம். ஊசிக்காரர் உறையை மாட்டினார். கை உள்ளே போனது. அவர் முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கையை எடுத்தார்.

"காலியா கீதுங்க" என்றார்.

"நல்லா பாருங்க டாக்டர்" என்றாள் அத்தை. "திரும்பவே இல்லிங்களே?"

மறுபடி பார்த்தார். தலையை ஆட்டினார். "யாரும்மா பாத்துகினு இருந்தது?"

"கொழந்ததாங்க. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திகினு பாத்துச்சி" என்று அத்தை என் தோளில் கை வைத்தாள்.

ஊசிக்காரர் குனிந்து என்னைக் கேட்டார். "திரும்பலியாம்மா? வாலாண்ட ஒண்ணும் பாக்கலியா?"

இப்போது சொல்லியிருந்தால்கூட எல்லாம் சரியாகியிருக்கும். திரும்பிய மாட்டை விட்டுவிட்டோம், அடுத்த முறை போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் விஷயம். எனக்கு முதுகில் நாலு விழுந்திருக்கும். ஆனால் எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்தது. எருக்குழி நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரம். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்படின்னா நின்னு கரைஞ்சிருக்கும்" என்றார் அவர். "சில கிடேரிக்கு அப்படி ஆவுறதுதாங்க. இன்னொரு தபா போட்டுப் பாக்கலாம்."

மாமியார் தட்டின் மேல் போட்டிருந்த துணியை இழுத்து மூடினார். "இதுவும் கரைஞ்சிதான் போச்சா" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அப்பாவைப் பார்த்து, "கேட்டுகினிங்களா தம்பி, நான் இன்னா பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டார். மாமா புங்க மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊசிக்காரர் கைகழுவ ஊற்றினாள், சோப்பு எடுத்துக் கொடுத்தாள், துடைக்கத் துண்டு கொடுத்தாள். வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்சுக்குப் போனார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. மறுநாள் அம்மா அதைச் செவலைக்கு வைத்தாள்.

செவலையை விற்றுவிடச் சொன்னது அத்தைதான். இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். "வேணாண்ணா. என் கையில இருந்தா அது வெளங்காது. வேற கைக்குப் போவட்டும், அதுவாச்சும் நல்லா இருக்கும்" என்றாள். தரகர் வந்து தெள்ளார்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவருக்குப் பேசி முடித்தார். வண்டியில் ஏற்றும்போது நான் அழுதேன். ஆனாலும், எங்கள் கண்ணெதிரில் இனி அதற்கு யாரும் ஊசி போடமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. தெள்ளாரிலும் ஊசிக்காரர் இருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பரணில் இருந்த வைக்கோல் பிரியை அம்மா விறகு கட்ட எடுத்துக்கொண்டாள்.

மாமியார் சொன்ன 'இதுவும்' என்ற சொல் பல வருஷம் எனக்குள் சும்மா கிடந்தது. எனக்குக் கல்யாணமாகி வேலூரில் குடியிருந்தபோது, என் முதல் கரு இரண்டாம் மாதத்தில் கலைந்தது. ஸ்கேன் அறையில் டாக்டரம்மா, "கரைஞ்சிடுச்சிமா" என்றார். படுத்த வாக்கில் எனக்குச் செவலை நினைவு வந்தது, மூடிய தட்டு நினைவு வந்தது. அத்தைக்கு எத்தனை முறை என்று அன்றுதான் அம்மாவிடம் கேட்டேன். இரண்டு முறை என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ள வந்தது அத்தைதான். பத்து நாள் கூட இருந்தாள். என் தலையைக் கோதியபடி, "உம் மேல ஒரு தப்பும் இல்லடி. மனச போட்டு ஒழப்பிக்காத" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. என்னிடம் மட்டும்தான் அதற்கு அத்தாட்சி இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதே வீட்டில், அதே தறியில் உட்கார்ந்திருக்கிறாள். போன பொங்கலுக்குப் போனபோது எப்படியாவது சொல்லிவிடுவது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னாடி, எளச்சிட்ட? சாப்புடறியா இல்லியா?" என்றாள். சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் மறைத்ததை நினைத்துக் கூசுவதைவிட, ஒரே ஒரு நாள் மறைக்காமல் சொன்னேனே, அதை நினைத்தால்தான் அதிகம் கூசுகிறது.

செவலையை விற்று ஒரு வருஷம் இருக்கும். அதுவரை மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஏதோ ஒரு இழை அறாமல் இருந்தது. மாதம் ஒருமுறையாவது மாமா போன் பண்ணுவார். அம்மாவைச் சமாதானம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு என்பாராம். நான் ஒரு சாயங்காலம் கடைத்தெருவுக்கு எண்ணெய் வாங்கப் போனேன். அங்கே அந்தத் தரகர் டீ குடித்துக்கொண்டு நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டு கூப்பிட்டார்.

"உங்க செவல கிடேரிக் கன்னு போட்டுச்சிம்மா. சும்மா மான் குட்டியாட்டம் கீது. ஒரே ஊசி! அவங்க கையில ஒரே ஊசியில நின்னுடுச்சி பாரு!"

அவர் இதை என்னிடம் மட்டும் சொன்னவர் இல்லை. மாடு பார்க்கச் செய்யாருக்கும் போகிறவர்தான். அங்கேயும் சொல்லியிருக்கிறார். வேறு கையில் ஒரே ஊசியில் நின்ற கிடேரி இவள் கையில் கரைந்து போயிற்று என்றால் இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அடுத்த மாதமே அந்த வீட்டிலிருந்து பெரியவர்கள் நாலு பேர் வந்து, கூடத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டு போனார்கள். மாமா வரவில்லை. மறு வருஷம் அவருக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம் செவலை கன்று போட்டுவிட்டது என்பதுதான். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. நான் எதையும் கெடுத்துவிடவில்லை, அத்தை ஆசைப்பட்ட கன்று பிறந்தேவிட்டது. எண்ணெய் வாங்காமல் ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, விட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக்குள் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சுவருக்கு அப்பால் விசைத்தறி. அந்த இரைச்சலில் அத்தைக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"அத்தே! செவல கன்னு போட்டுச்சி! அவங்க கையில ஒரே ஊசியில நின்னுடுச்சாம்!"

அம்மாவின் தறி நின்றது. அத்தை குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவள் எழுந்து வந்து கன்னத்தைக் கிள்ளுவாள் என்று நின்றேன்.

"இன்னா கன்னு?" என்றாள்.

"கிடேரி அத்தே!"

"நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையை எடுத்து அவற்றைத் துடைத்தாள். விரல் விரலாக, இடுக்கெல்லாம், அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துடைத்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து துடைத்தாள். தறியில் அன்று வெளிர் மஞ்சள் சேலை ஓடிக்கொண்டிருந்தது. பட்டில் வியர்வை பட்டுவிடக் கூடாது என்றுதான் அத்தை அத்தனை நேரம் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் கழன்று விழுந்த செருப்பைத் தேடிக்கொண்டு போனேன்.